நஞ்சும் மருந்தும்

நஞ்சென்றும் மருந்தென்றும் பொருள்களைப் பிரிப்பது பெரும்பாலும் அளவே. எமது தமக்கையாருக்கு இதயத்தில் உலோக வால்வு பொருத்தப்பட்டபின், வைத்தியர் வார்பரின் குளிசையை விதித்தார். "அது எலிநஞ்சல்லவா? அஸ்பிரினும் உள்ளியும் போதுமே!" என்றனர் உறவினர். தமக்கையார் கலங்கினார். நாம் அதன் வரலாற்றை எடுத்துக் கூறினோம்.

1920களில் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளிகளிலும், பூஞ்சணம் பிடித்த குளோவர்ப் புல்லைத் தின்ற மாடுகள் குருதி பெருகி மாண்டன. அதற்குரிய பொருளை விஸ்கொன்சினில் கார்ல் லிங்க் குழுவினர் பிரித்தறிந்தனர். அவ்வழி வந்த வார்பரின் 1948இல் எலிநஞ்சாகவும், 1954இல் மனிதர்க்கு மருந்தாகவும் வழக்கிற்கு வந்தது.

அஸ்பிரின் குருதிச் சிறுதட்டுகள் ஒட்டுவதைத் தடுக்கும், குளோபிடோகிரலும் அத்தகையதே. வார்பரினோ விற்றமின் கே-யின் தொழிலை மறித்து, குருதி உறைவதைத் தாமதப்படுத்தும். உலோக வால்வுக்கு அஸ்பிரின் மட்டும் போதாது. புதிதாய் வந்த தபிகட்ரானும் பொருந்தாது. உள்ளி மருந்துக்கு ஈடாகாது.

ஆயினும் வார்பரினுக்கும் தீங்குண்டு. முரசிற் குருதி கசிதல், காரணமின்றித் தோல் கன்றுதல், மலம் கருத்தல் ஆகியன கண்டால் தாமதியாது வைத்தியரை நாடுக. தலையில் அடிபட்டாலும் அவ்வாறே. வைத்தியரைக் கேளாது நோவுக் குளிசைகளை விழுங்கற்க. கீரையை விலக்க வேண்டுவதில்லை; வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்பதே முறை.

குருதி உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிடலாகாது. வீட்டிலுள்ள மாணவர் அந்நாளை நாட்காட்டியிற் குறித்துப் பெரியோருக்கு நினைவூட்டுவாராயின், அதுவே சிறந்த தொண்டாகும்.