எங்கள் வீட்டு ஹெரால்டு

"கார் வைத்திருப்பவர் வீட்டுப் பெண்ணுக்கு உதவித்தொகை எதற்கடி?" என்று முதலாண்டில் தோழி ஒருத்தி விளையாட்டாகக் கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டேன். அது ஓடாத கார் என்பதையும், இரவில் எங்கள் கோழிகள் அடையும் இடம் அதுதான் என்பதையும் அவளிடம் எப்படிச் சொல்வது?

என் தந்தையார் கார் மெக்கானிக். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதன்முதலாக மிதித்தவள் நான்தான். 2005-இல், நான் பிறந்த ஆண்டில், பட்டறையில் கார் விட்டிருந்த வயோதிக மருத்துவர் ஒருவர் காலமானார். கூலிப் பாக்கிக்கு ஈடாக அவர் வீட்டார் காரையே அப்பா பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆக, அதுவும் நானும் ஒரே ஆண்டில் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் பேராசிரியப் பெருமக்களில் சிலருக்காவது நினைவிருக்கும். நம் சென்னையில் 1961 முதல் 1971 வரை தயாரான வண்டி. உருவம் இத்தாலி நாட்டு மிக்கெலாட்டி வரைந்தது. முன்மூடியைத் தூக்கினால் இரு பக்க மட்கார்டுகளும் சேர்ந்து முன்னோக்கிக் கவிழும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் கை வைக்கலாம். இதன் சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். "இது ரேஸ் வண்டிக்குப் பங்காளி, அம்மிணி" என்பார் அப்பா. எங்களுடையதற்கு இரண்டே கதவுகள். அதனால் தெருப் பிள்ளைகளுக்கும் அது ஸ்போர்ட்ஸ் கார்தான்.

2025 மே மாதம் ஒரு தரகர் வந்தார். உணவு விடுதி ஒன்றின் வாசலில் நிறுத்தி, வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள ஒரு பழைய கார் வேண்டுமாம். 90,000 ரூபாய் பேசினார். "பாடி மட்டும் போதுங்க. எஞ்சினைக் கழட்டி இரும்புக்குப் போட்டுருங்க" என்றார்.

என் மனம் அன்றிரவே கணக்குப் போட்டது. கூரை மாற்றியதற்கும் என் படிப்புக்குமாகக் கூட்டுறவு வங்கியில் அம்மாவின் சங்கிலி 70,000 ரூபாய்க்கு அடகில் இருந்தது. அதை மீட்டாலும் பழைய மடிக்கணினி ஒன்று வாங்க மிச்சம் இருக்கும். என்ன நிறம் என்பது வரை யோசித்துவிட்டேன்!

மறுவாரம் நான் தேர்வு முடித்து வீடு திரும்பியபோது கோழிகள் திண்ணையில் இருந்தன. கார் இல்லை. பெற்றோரில்லாப் பையன்களுக்கு இலவசமாகத் தொழில் கற்றுத்தரும் ஓர் அறநிலையத்துக்கு அப்பா அதைக் கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை. லாரி வாடகையைக்கூட அவரே கொடுத்திருந்தார். அம்மா இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. நான் பேசினேன், பேசக்கூடாத அளவுக்கே பேசினேன்.

"நமக்கே இல்லாதப்ப தருமம் என்னப்பா?"

"ஓடுன எஞ்சினை இரும்புக்குப் போடச் சொல்றான். வெறுங்கூட்டை நிறுத்தி வேடிக்கை காட்டறதுக்கா நா இருவது வருசம் வெச்சிருந்தேன்?"

அமெரிக்காவில் பழைய காரைத் தருமத்துக்குக் கொடுப்பது பெரிய வழக்கமாம். தொண்டு நிறுவனம் அதை ஏலம் விட்டுப் பணமாக்கிக்கொள்ளும். கொடுத்தவருக்கு வருமான வரியில் சலுகை. 2005 முதல் அச்சலுகையும் பெரும்பாலும் ஏலத்தில் வந்த தொகைக்கு உட்பட்டதே. இங்கே ரொக்கமாகக் கொடுக்காமல் பொருளாகக் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடையாது. அறநிலைய எழுத்தர் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அப்பா சிரித்துவிட்டாராம். "நமக்கேதுங்க வருமானம், வரி கட்டறதுக்கு?" மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி பதிவை ரத்து செய்யக் கையெழுத்துப் போட்டபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை என்று அம்மா சொன்னார்.

தீபாவளி விடுமுறையில் அங்கிருந்து அழைப்பு வந்தது. எஞ்சினைக் குறுக்கே அறுத்து உள்பாகம் தெரியும்படி வைக்க விரும்புகிறார்களாம். கொடுத்தவரின் சம்மதம் வேண்டுமாம். இரும்புக்குப் போட மறுத்தவர் அறுக்கச் சம்மதிப்பாரா? "அப்பா, இதற்குத் தொண்ணூறாயிரமே வாங்கியிருக்கலாம்" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

அப்பா எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு சாக்குக்கட்டி கேட்டு வாங்கி, அறுக்க வேண்டிய கோட்டைத் தாமே போட்டார். "இதுக்கு இந்தப் பக்கம் தண்ணி ஓடற பாதை. அதுவுந் தெரியோணும்" என்றார். மாலைவரை மாறி மாறி அறுத்தார்கள். நடுவில் ஒரு பையனிடம், "எங்க மேஸ்திரி எஞ்சினுக்குள்ள எட்டிப் பார்த்தா ஸ்பானர்லயே மண்டைல போடுவாரு. அவரு வீட்டுக்குப் போனதுக்கப்பறம் பிரிச்சுப் பாத்துக் கத்துக்கிட்டேன்" என்றார். இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

ஓட்டோ சுழற்சியை நான் படமாக மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள். அன்றுதான் பிஸ்டன் ஏறி இறங்குவதைக் கண்ணால் கண்டேன். பயிற்சியாளரிடம் வெர்னியர் வாங்கி அளந்தேன்: சிலிண்டர் விட்டம் 63 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 76. தரையிலேயே கணக்குப் போட்டேன். ஏறத்தாழ 237 கன சென்டிமீட்டர். நான்கால் பெருக்கினால் 948.

"தொள்ளாயிரத்து நாப்பத்தெட்டா?" என்றார் அப்பா. "புக்குல போட்டிருந்தான். எப்படி வந்ததுன்னு தெரியாது. இன்னொருக்காச் சொல்லு."

பையன்களும் குனிந்தார்கள். சாக்குக்கட்டியை வாங்கி, முதலிலிருந்து எழுதினேன்.

சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. தையில் வட்டி கட்டி மறு அடகு வைக்க வேண்டும். கார் நின்ற இடத்தில் அம்மா கத்தரி நட்டிருக்கிறார். எண்ணெய் இறங்கிய மண் என்பதால் ஒரு மூலையில் மட்டும் செடி பிடிக்கவில்லை.