பழனிச் சாலையில் ஒரு வழக்கு

தைப்பூசம் நெருங்கினால் கோவை, பொள்ளாச்சிப் பக்கத்து அடியார்கள் காவடி சுமந்து உடுமலைப்பேட்டை வழியாகப் பழனிக்கு நடப்பர். வழிநெடுக அவர்களுக்கு மோரும் பானகமும் வார்ப்பவர்கள் குலம் கேட்டு வார்ப்பதில்லை.

இந்த நிலை தானாக வந்ததன்று. 1897இல் கமுதிச் சிவாலயத்தினுள் நாடார் சமூகத்தார் சென்று வழிபட்டது வழக்காயிற்று. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கு 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. நீதிமன்றமே கோயிற் கதவை அடைத்த காலம் அது. 1939 ஜூலை 8 அன்று வழக்கறிஞர் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் அழைத்துச் சென்றவர்களுள் ஒடுக்கப்பட்ட சமூகத்தாரோடு நாடார் ஒருவரும் இருந்தார். அவ்வாண்டே இராஜாஜி அரசு ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா இந்துக்களுக்கும் அதை உரிமையாகவே ஆக்கிற்று.

திருமணத்திலும் சட்டம் முன்னே சென்றது. சாதி வேறென்பதால் இந்துக்களின் திருமணம் செல்லாமற் போகாது என்று 1949ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. சட்டம் சென்ற தொலைவுக்கு வீடுகள் சென்றனவா என்பதுதான் கேள்வி.

உடுமலையை அடுத்த குமரலிங்கத்தைச் சேர்ந்த சங்கர், பட்டியல் சமூகத்துப் பொறியியல் மாணவர். அவரும் பழனியைச் சேர்ந்த கௌசல்யாவும் 2015இல், பெண் வீட்டாரின் எதிர்ப்புக்கிடையே, பழனி மலையடிவாரத்தில் பாத விநாயகர் சந்நிதியில் மணம் புரிந்தனர். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப் பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், இருவரும் அரிவாளால் வெட்டப்பட்டனர். சங்கர் உயிர் நீத்தார். தலையில் பலத்த காயத்தோடு கௌசல்யா பிழைத்தார்.

குற்றம் சாட்டப்பட்டோரில் தம் பெற்றோரும் இருக்க, அவர் நீதிமன்றம் ஏறிச் சாட்சி சொன்னார். பெற்றவர்களுக்கு எதிராகப் பெண் சாட்சி சொல்வதா என்று அங்கலாய்த்த பெரியவர்கள் உண்டு. குமரலிங்கத்தில் மகனைப் பறிகொடுத்த தந்தை ஒருவர் இருந்ததை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் பெண்ணின் தந்தை உள்ளிட்ட அறுவருக்கு மரண தண்டனை விதித்தது, தாயை விடுவித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தந்தையையும் விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. வழக்கு மேல்முறையீடாக உச்ச நீதிமன்றம் சென்றது. தண்டனை கூடியதா குறைந்ததா என்று வாதிடுவோர் வாதிடட்டும். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி பழிக்குப் பழி தேடாமல் நீதிமன்றத்தை நாடினாளே, அது சிறிய செயலன்று.

2018 மார்ச்சில், சக்தி வாஹினி என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே உரைத்தது. வயது வந்த இருவர் மணம் புரிய இசைந்தால் குடும்பத்தின் சம்மதமோ குலத்தின் சம்மதமோ தேவையில்லை. அச்சுறுத்தலுக்கு உள்ளாகும் தம்பதியர் முறையிட மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும், அவர்கள் தங்கப் பாதுகாப்பான இல்லம் வேண்டும் என்றும் அத்தீர்ப்புப் பணித்தது. மணம் புரிந்து எட்டு மாதங்களில் சங்கர் மாண்டபோது இந்தத் தீர்ப்பு வந்திருக்கவில்லை.