மொட்டை மாடியில் பதினான்கு கோடுகள்

காலை நேரத்தில் சென்னை வேப்பேரி நெடுஞ்சாலையில் ஆட்டோக்கள் வந்து நிற்பதைப் பார்க்க வேண்டும். ஒன்றிலிருந்து கொழுகொழு லாப்ரடார் இறங்குகிறது. அடுத்ததில் ஓர் அட்டைப் பெட்டி, அதன் ஓட்டை வழியே ஒரு பூனைக் காது. பின்னாலேயே ஒரு பைக். இருவருக்கு நடுவே துண்டில் சுற்றிய ஆட்டுக்குட்டி. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு வரும் கூட்டம் இது. எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். டிரைவருக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. மடியில் இருப்பதைப் பார்த்தாலே புரிந்துகொள்வார்.

வரிசையில் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியை. வேளச்சேரியில் அவரைத் தெருவே ‘டீச்சரம்மா’ என்றுதான் கூப்பிடும். மடியில் பிளாஸ்டிக் கூடை, அதற்குள் பழைய நைட்டித் துணி, துணிக்குள் இரண்டு மாதப் பெண் குட்டி. சாக்கடை ஓரத்தில் கிடந்ததை யாரோ தூக்கி வந்து கொடுத்திருக்கிறார்கள். நிரந்தரமாக ஒரு வீடு கிடைக்கும்வரை இவர் வீட்டில் வளரும். ‘ஃபாஸ்டர்’ என்கிறார்களே, அதுதான்.

பக்கத்து இருக்கைக்காரர், “பாவம், மூச்சு முட்டுதுல்ல, கீழ விடுங்கம்மா” என்கிறார்.

“வேணாம் சார். நோயாளிங்க நடக்குற தரை. ஊசி முடியாத குட்டி இது.”

நோயுள்ள விலங்குகள் கூடும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும். தடுப்பூசி முடியாத குட்டியின் பாதம் அங்கே தரையில் படாமல் இருப்பதே நல்லது. டீச்சரம்மாவின் கவலை இந்தக் குட்டியோடு முடியவும் இல்லை. வீட்டில் பதினொரு வயது ராஜா இருக்கிறது. மீனாட்சி என்ற பூனை இருக்கிறது. மாடியில் ஒன்பது நாளாகத் தனியே இருக்கும் இந்தக் குட்டிக்கு நேற்று இரவு பேதி.

மிக்ஜாம் புயலுக்கு முன்பு அந்த வீட்டில் மிட்டாய் என்று இன்னொரு குட்டியும் இருந்தது. 2023 டிசம்பரில் வேளச்சேரித் தெருக்களில் தண்ணீர் நின்றபோது, மாடிப்படியில் ஒதுங்கிய இரண்டு தெருக்குட்டிகளை டீச்சரம்மா உள்ளே கொண்டுவந்தார். வெளியே மழை, கரன்ட் இல்லை. ஹாலில் ஒரே போர்வையில் மூன்றும் உருண்டு விளையாடின. அந்த நேரத்தில் யாருக்குத்தான் தடுப்பூசி அட்டை ஞாபகம் வரும்? ஆறாம் நாள் மிட்டாய் சாப்பாட்டைத் தொடவில்லை. அப்புறம் வாந்தி, ரத்தத்தோடு பேதி. பார்வோ வைரஸ். இரண்டரை மாதக் குட்டி, ஒரே ஓர் ஊசிதான் போட்டிருந்தது. மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியும் தாங்கவில்லை. வருடம் தவறாமல் ஊசி போட்டிருந்த ராஜாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி. அதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியின் வேலையைத் தடுக்கக்கூடும் என்பதால், நான்கு மாதம் ஆகும்வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். பெரிய நாய்க்கும், வெளி நாயை அழைத்துவரும் அன்று காலையில் ஊசி போட்டுப் பயனில்லை. எதிர்ப்புச் சக்தி உருவாக நாள் பிடிக்கும். ‘ஃபாஸ்டர்’ யோசனை வந்ததுமே முதலில் புரட்ட வேண்டியது சொந்த நாயின் அட்டையைத்தான்.

வேப்பேரியில் முறை வந்தது. மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்க்கிறார், வெப்பமானி வைக்கிறார், பார்வோ பரிசோதனைக்கு மலம் எடுக்கிறார். முடிவு தெரியச் சில நிமிடங்கள். டீச்சரம்மா கூடையின் கைப்பிடியை விடவே இல்லை. கடைசியில், “பார்வோ இல்லைம்மா. புழுதான். மருந்து தர்றேன்.” அவருடைய தோள் அப்போதுதான் இறங்கியது.

புழு என்றாலும் சாதாரணமில்லை. நாய் மலத்தில் வரும் முட்டையும் புழுவும் குழந்தைகளுக்கும் போகும். கொக்கிப்புழு, வெறுங்காலின் தோல் வழியாகவே நுழையக்கூடியது. மாடிக்குப் போக பேத்திக்குத் தடை இருப்பது அதனால்தான்.

திரும்பும்போது முதல் ஆட்டோக்காரர் கூடையைப் பார்த்து, “நாயா? வேணாம்மா” என்று போய்விட்டார். இரண்டாமவர் வீட்டிலேயே நாய் உண்டாம். அண்ணா சாலை, சைதாப்பேட்டை, கிண்டி என்று வழி முழுக்க அதன் சேட்டைகள்தான் பேச்சு. “நம்ம நாயைப் பூட்டி வச்சுட்டு வந்த நாயை வெளிய விட்ருவீங்களாம்மா?” என்றார். “ரெண்டையும் பூட்ட மாட்டேன், ரெண்டுக்கும் நடுவுல படி இருக்கு” என்றார் டீச்சரம்மா.

வேளச்சேரி ஏரிக்கு அந்தப் பக்கம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. வீட்டுக்கு வெளியே இரும்புப் படி. மேலே தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, பழைய சாமான் போட்டுவைத்த எட்டடி அறை. அதுதான் வருகிற நாய்களின் வீடு. பதினான்கு நாள். பார்வோவோ இருமலோ உள்ளே இருந்தால் அதற்குள் பெரும்பாலும் தலைகாட்டிவிடும். டிஸ்டெம்பர் சில சமயம் இன்னும் தாமதமாகும். கண்ணில் பீளை, மூக்கில் சளி தெரிந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

படியின் கீழ் ஒரு ஜோடி செருப்பு, மேலே வேறு ஜோடி. கொடியில் மாடிக்கென்று ஒரு நைட்டி. தட்டு, துடைப்பம், சங்கிலி எல்லாம் தனி. காலையில் முதலில் ராஜாவுக்குச் சாப்பாடு, நடை. பிறகு மீனாட்சி. கடைசியாகத்தான் மாடி. வரிசை மாறக் கூடாது. இறங்கி வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவி, துணி மாற்றிய பிறகே ராஜாவின் தலையைத் தடவுவார். ராஜா பொறுமையாகக் காத்திருக்கும். பொறுமை இல்லாதது மீனாட்சிதான்.

சுத்தம் செய்யும் விஷயத்தில்தான் நிறைய வீடுகள் ஏமாறுகின்றன. பினாயில் வாசனை வந்தால் சுத்தம் என்று நம் மூக்கு நம்பிவிடும். பார்வோவுக்கு அது போதாது, சானிடைசரும் போதாது. அழுக்கை முதலில் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட வேண்டும். காய்ந்த பிறகே நாயை விட வேண்டும். ஆசிடோடு கலந்தால் விஷ வாயு கிளம்பும். மண் தரையை இப்படிக் கழுவ முடியாது. அங்கே அந்த வைரஸ் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். மிட்டாய் போன பிறகு டீச்சரம்மா ஒரு வருடம் எந்தக் குட்டியையும் வாசல்படி ஏற்றவில்லை.

உண்ணி இன்னொரு தலைவலி. நாய் மேல்தான் இருக்கும் என்று நினைத்தால், சுவர் ஏறி விரிசலில் முட்டையிடும். அதற்கு நாய் கழுத்தில் விடும் மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனைக்கு அது உயிரையே எடுக்கும் விஷம். மருந்து விட்ட நாயை மீனாட்சி நக்கினால், உரசிப் படுத்தால்கூட ஆபத்து. “வீட்ல பூனை இருக்கு” என்று மருத்துவரிடம் கேட்காமலே சொல்லிவிட வேண்டும்.

மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பயமும் சேர்ந்துகொள்ளும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நடந்த நாய் அதை வாங்கி, தன் சிறுநீர் வழியாக ராஜாவுக்கும் மனிதர்களுக்கும் கொடுக்கும். ஆகவே மாடியைக் கழுவும்போது கையுறை, ராஜாவுக்கு வருடாந்திர ஊசி.

பதினான்கு நாள் கணக்கு வெறிநோய்க்குச் செல்லவே செல்லாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உள்ளேயே பதுங்கியிருக்கும். ராஜாவுக்கும் மீனாட்சிக்கும் அந்த ஊசி ஒரு வருடமும் தவறியதில்லை. குட்டிதானே என்று பல் பட்டதை அலட்சியமாக விடவும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாலை. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை.

“பாட்டி, புதுசுக்கு என்ன ஆச்சு?”

குட்டிக்கு இன்னும் பெயர் இல்லை. பெயர் வைத்தால் அனுப்ப மனசு வராதாம். அதனால் ‘புதுசு’.

“வயித்துல பூச்சிதான்டீ. வேற ஒண்ணுமில்ல.”

படியின் பக்கத்துச் சுவரில் வரிசையாக ஒன்பது சாக்பீஸ் கோடுகள். பேத்தி பத்தாவதைப் போடுகிறாள். இன்னும் நாலு. அதன்பிறகு தெருமுனையில், இரண்டு சங்கிலிகளை இருவர் பிடித்துக்கொண்டு, ராஜாவும் புதுசும் முதன்முதலாக மூக்கோடு மூக்கு பார்க்கும்.

மேலே கதவை நகத்தால் கீறும் சத்தம். முதல் படியில் முன்னங்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு, ராஜா காதைத் தூக்கி மேலே பார்க்கிறது.