தெரிந்தும் திருத்தாத பாடம்

ஒஸ்லோவின் பிக்டோய் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘கோல்’ என்ற பழைய மரத் தேவாலயத்தின் முன்னால் நின்று, தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிழையான பாடம் சொல்லியிருக்கிறேன். பிழை என்று தெரிந்த பிறகும் திருத்தவில்லை.

தேவாலயத்துக்கு நோர்வேயில் ‘ஷிர்க்கே’ என்று பெயர். முதல் எழுத்தைக் ககரமாக எழுதுவார்கள். பேச்சில் அது ஷகரம்போல மெலிந்துவிடும். வட்டம் என்று பொருள்படும் ‘கிர்க்குஸ்’ என்ற லத்தீன் சொல்லே இதற்கு மூலம், முற்காலத்தவர் வட்டமாக நின்று கும்பிட்டதால் வந்த பெயர் என்று சொல்லிக்கொடுத்தேன். எங்கோ வாசித்த கதை. ஒலி பொருந்தியது, பிள்ளைகளும் ஆசையாகக் கேட்டார்கள். நான் மேலே தேடவில்லை.

ஒரு மாணவி அதைத் தன் நோர்வேஜியப் பள்ளிக் கட்டுரையில் எழுதிவிட்டாள். சிவப்புக் கோடு விழுந்த தாளை என்னிடம் நீட்டி, “சேர், இது பிழையாம். நீங்கள்தானே சொன்னனீங்கள்?” என்றாள். அன்றிரவு அகராதியைப் பார்த்தேன். அவளுடைய ஆசிரியர் சொன்னதே சரி. ஆனால் அடுத்த வகுப்பில், “இதில் பல கருத்துகள் இருக்கு பிள்ளை” என்று சொல்லிக் கடந்துபோனேன். என் மதிப்பைக் காப்பாற்ற, சரியாகச் சொன்ன இன்னொருவர்மேல் அந்தப் பிள்ளைக்குச் சந்தேகம் வரவைத்தேன்.

அகராதியில் இருந்தது இதுதான்: கிரேக்கத்தில் ‘கியூரியோஸ்’ என்றால் ஆண்டவர். ‘கியூரியாகோன்’ என்றால் ஆண்டவருக்கு உரியது. அந்தச் சொல் ஜெர்மானிய மொழிகளுக்குள் புகுந்து, ‘கிர்க்யா’ என்ற வடிவில் வடக்கே போய்ச் சேர்ந்தது. பழைய மதத்தின் வழிபாட்டிடத்துக்கு ‘ஹோவ்’ என்ற சொல் அங்கே முன்பே இருந்தது. புதிய மதம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. இன்று அது ஊர்ப்பெயர்களில் மிஞ்சியிருக்கிறது. கோ உறையும் இல்லமே கோயில் என்று சொல்லி வளரும் பிள்ளைகளுக்கு, ஆண்டவருக்கு உரிய இடம் என்பது எவ்வளவு எளிதாகப் பிடிபட்டிருக்கும்! அதைத்தான் அவர்களுக்குக் கிடைக்காமல் செய்தேன்.

கண்முன்னால் நின்ற கட்டடத்தையாவது நான் சரியாகப் பார்த்திருக்க வேண்டும். இத்தகைய மரத் தேவாலயத்தை ‘ஸ்டாவ்ஷிர்க்கே’ என்பார்கள்; அதில் ‘ஸ்டாவ்’ தூணைக் குறிக்கும். முந்திய காலத்துத் தேவாலயங்களில் தூண்களை மண்ணில் புதைத்தார்கள், அவை அடியில் உக்கிப்போயின. பிறகுதான் கல்லின்மேல் மரச்சட்டம் வைத்து, அதன்மேல் தூணை நிறுத்தினார்கள். வெளியே தார் பூசினார்கள். அப்படி நின்று பிழைத்தவை நோர்வேயில் 28. கோல் தேவாலயத்தை 1880களில் ஹாலிங்டால் பள்ளத்தாக்கிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி நிறுத்தினார்கள். அதன் நடுக்கூடம் வட்டமல்ல, நீள்சதுரம்.

என்னிடம் அந்த வட்டக் கதையைக் கேட்டவர்கள் இப்போது பெரியவர்களாகியிருப்பீர்கள். அதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள்; ஏற்கெனவே சொல்லியிருந்தால், தயவுசெய்து இன்றே திருத்திச் சொல்லுங்கள்.