பனிச்சிறுத்தையின் பங்கு

கதை எழுதுகிறவனுக்கு ஊர் கிடைத்துவிட்டால் அடுத்தபடியாக ஒரு வில்லன் வேண்டும். இமாசலப் பிரதேசத்து லாஹௌல்-ஸ்பிதி ஜில்லாவுக்கு நான் போய் வந்ததைக் கேள்விப்பட்ட நண்பர்கள், "பனிச்சிறுத்தையை வைத்து ஒரு நாவல் எழுதலாமே!" என்கிறார்கள். எழுதலாம்தான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அதை வில்லன் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே!

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பரப்பு சுமார் 13,800 சதுர கிலோமீட்டர். 2011-ம் வருஷக் கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை 31,564. அதாவது, சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர். அந்த இருவருக்குள் சண்டை மூண்டால், சமாதானம் செய்ய மூன்றாவது ஆள் பக்கத்துச் சதுர கிலோமீட்டரிலிருந்துதான் வர வேண்டும்!

லாஹௌலும் ஸ்பிதியும் ஜாடை ஒவ்வாத சகோதரிகள். லாஹௌலில் சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் தண்டி என்னுமிடத்தில் கூடிச் செனாப் நதியாகின்றன. உருளைக்கிழங்கும் பட்டாணியும் விளையும் பசுமையான பள்ளத்தாக்கு அது. 2020-ல் ரோதாங் கணவாய்க்கு அருகே மலையைக் குடைந்து ஒன்பது கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறந்த பிறகு, குளிர்காலத்திலும் வெளியுலகத்துக்கு வழி பிறந்திருக்கிறது. அங்கிருந்து சுமார் 15,000 அடி உயரமுள்ள குன்சும் கணவாயைத் தாண்டினால் ஸ்பிதி. அத்துடன் பசுமை விடைபெற்றுக்கொள்கிறது. மழைமேகங்களைத் தெற்கு மலைகளே மறித்துவிடுகின்றன. 996-ம் ஆண்டில் தோன்றிய தாபோ மடாலயம் மண்சுவர்களோடு இன்னும் நிற்பதற்கு, பக்தியோடு இந்த வறட்சிக்கும் பங்கு உண்டு.

ஸ்பிதி மக்கள் பௌத்தர்கள். பேசுவது திபெத்தியத்தின் கிளைமொழி. உருகிவரும் பனிநீரை வாய்க்காலில் கொண்டுவந்து பார்லியும் பட்டாணியும் பயிரிடுகிறார்கள். மற்றபடி ஆடும் யாக் மாடும் குதிரையும்தான் சொத்து. அந்தச் சொத்தில்தான் பனிச்சிறுத்தை கை வைக்கிறது.

சுமார் 14,000 அடி உயரத்தில் இருக்கும் கிப்பர் கிராமத்தில் இந்த வழக்கின் உட்காரணத்தை அறிந்தேன். பனிச்சிறுத்தையின் இயல்பான இரை பரல் என்னும் காட்டாடு. ஊர்க் கால்நடைகள் பெருகிப் புல்லையெல்லாம் மேய்ந்துவிட்டால் பரல் எதைத் தின்னும்? பரல் குறைந்தால் சிறுத்தை எதைத் தின்னும்? கொட்டிலுக்குள் நுழைந்துவிட்டால் அது ஓர் ஆட்டோடு நிறுத்துவதுமில்லை. ஓரிரவில் பல ஆடுகள் போய்விடும். குடும்பத்தின் வருஷ வருமானம் விடிவதற்குள் கரைந்துவிடும். முன்பெல்லாம் கோபத்தில் அதைக் கொன்றுபோடுவது சகஜம்.

1990-களின் கடைசியில் சாருதத்த மிஸ்ரா என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் ஊராரோடு உட்கார்ந்து பேசினார்கள். மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைப் பரலுக்கென்று விட்டுவிட ஊர் சம்மதித்தது. விட்ட புல்லுக்கு ஈடாகப் பணம் வந்தது. பரல் பெருகியது. 2002-ல் கால்நடைகளுக்கு இன்ஷூரன்ஸும் ஏற்பட்டது. பிரீமியத்தில் ஊராரும் தங்கள் பங்கைக் கட்டினார்கள்.

குதிரைக்குட்டி ஒன்றைப் பறிகொடுத்த பெரியவர் ஒருவரிடம், ஜீப் டிரைவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு, "கோபம் வரவில்லையா, ஐயா?" என்று கேட்டேன்.

"வராமல் என்ன? பணம் வரும், அந்தக் குட்டி வருமா? என் பேத்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனால் மலை அதற்கும் ஊர்தானே?" என்றார். உடனே எழுந்து, கொட்டிலின் கூரைத் திறப்பில் தாம் அடித்திருந்த கம்பிவலையைக் காட்டினார். அதற்கும் ஊர்தான்; அதற்காகக் கதவைத் திறந்து வைக்க முடியுமா?

நான் பனிச்சிறுத்தையைப் பார்க்கவில்லை. உடம்பின் நீளத்துக்குச் சற்றே குறைந்த அந்த வாலையும் சாம்பல் ரோமத்தையும் படங்களில்தான் ரசித்திருக்கிறேன். படத்தில் ரசிப்பதற்கு நமக்கு ஒரு செலவும் இல்லை. வனவிலங்குகளைக் காக்க வேண்டும் என்று நாம் நாற்காலியில் சாய்ந்தபடி ஏகமனதாகத் தீர்மானம் போடுகிறோம். அதற்கான கட்டணம் கிப்பரில் ஏதோ ஒரு கொட்டிலில் வசூலாகிறது. இப்போது குளிர்காலத்தில் கேமராவோடு அங்கே போகிறவர்கள் அதிகம். கிராமத்து வீடுகளில் தங்கி, கேட்ட வாடகையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தப் பேத்தி இழந்த குட்டியில் நம் பங்கு அதுதான்.