கொடுத்த வண்டி ஓட வேண்டும்

ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் சக்கரம் பூட்டிய வண்டிகளை நம் ஊர்களில் எங்கும் பார்க்கலாம். கல்லூரி வளாகத்தில், தாலுகா அலுவலக வாசலில், செல்போன் கடை முன்னால், ஊன்றுகோல்கள் பக்கத்தில் செருகியபடி நிற்கும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகத் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்தவை அவற்றில் பல. சொந்தக் காசில் வாங்கி சைடு வீல் பூட்டிக்கொண்டவையும் உண்டு. கொடுக்கிற அன்று சாவியோடு புகைப்படம் எடுக்கிறோம். அதே வண்டிக்கு எட்டு, பத்து வயதாகும்போது அதன் நிலை என்ன என்று கேட்பார் குறைவு. வண்டி கொடுப்பது பாதி வேலைதான், அதை ஓடவைப்பதும் அந்த உதவியிலேயே சேர்ந்தது என்பது என் உறுதியான எண்ணம். பழைய வண்டியைப் பராமரிக்கிற செலவை உரிமையாளர் தலையில் மட்டும் கட்டிவிடுவது நியாயமில்லை.

இந்த வண்டி தேய்கிற விதமே வேறு. இருசக்கர வண்டி திருப்பத்தில் சாயும், இது சாயாது. திருப்புகிற வேலை முழுவதும் ஹேண்டில்பாரில் விழுவதால் அதைத் தாங்கும் கோன் செட்டில் சீக்கிரமே பிளே, அதாவது தளர்வு, வந்துவிடுகிறது. சைடு வீலைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒவ்வொரு குழியிலும் சேஸிஸைப் பக்கவாட்டில் முறுக்குகிறது. சாய்ந்து திரும்புவதற்காக வடிவமைத்த சேஸிஸுக்கு அந்த முறுக்கல் பழக்கமில்லாதது. வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் உரிந்து, மயிரிழை போலத் துருக்கோடு தெரிந்தால் விரிசல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்து அனுப்பினால் வண்டி சில மாதம் ஓடும், பிறகு நடுரோட்டில் விட்டுவிடும். பக்கச் சக்கரங்களின் ஸ்பிரிங் இறுகிப்போனால் வேறொரு சிக்கல்: அவை இரண்டும் மேட்டில் நிற்க, நடுச் சக்கரம் குழியின்மேல் பிடிமானமில்லாமல் சுற்றும். வண்டியை இழுப்பது நடுச் சக்கரம்தான்; பல வண்டிகளில் பின் பிரேக்கும் அதில் மட்டும்தான். எனவே இழுவை போகும்போது பிரேக்கும் பாதி போகிறது. கூடுதல் எடையோ பெல்ட்டையும் ரோலரையும் கிளட்ச் ஷூவையும் தின்கிறது. கம்பெனி கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு சைடு வீல் இல்லாத வண்டிக்கானது. அதை நம்பிக் காத்திருந்தால் பெல்ட் முன்னதாகவே அறுந்துபோகலாம்.

வண்டியோடு சேர்ந்து ஓட்டுகிறவருக்கும் வயதாகிறது. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். தடுப்பு மருந்து ஊரெங்கும் போய்ச் சேருவதற்கு முன் பாதிக்கப்பட்ட தலைமுறை இன்று நடுவயதைக் கடந்துகொண்டிருக்கிறது. போலியோ தாக்கிப் பல பத்தாண்டுகள் கழித்துத் தசைகள் மறுபடி பலவீனமாகலாம் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். ஊன்றுகோலைத் தாங்கித் தாங்கித் தோளும் மணிக்கட்டும் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். அப்படிப்பட்டவரின் கையில், உள்ளே துருப்பிடித்து இறுகிய பிரேக் கேபிளை வைத்துப் பாருங்கள். காலை ஊன்றி நிறுத்த முடிகிறவருக்கு அது தொந்தரவு. விரல்களை மட்டுமே நம்பி நிறுத்துகிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. பஞ்சரானால் மற்றவர்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். இவரால் இறங்கவே முடியாது. வண்டி நான்கு நாள் பட்டறையில் கிடந்தால் மற்றவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். படிக்கட்டு உயர்ந்த பஸ்ஸில் ஏற முடியாதவருக்கு அந்த நான்கு நாளும் வீடுதான், சம்பளமும் போகும்.

பழையதை ஏன் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும், புதியது கொடுத்தால் போகிறது என்று கேட்கலாம். சேஸிஸே விரிசல் விட்ட வண்டிக்கு அது சரியான பதில். அதை ஒட்டுப்போட்டு ஓட்டச் சொல்வது பாவம். ஆனால் புதிய வண்டி என்றால் விண்ணப்பம், மருத்துவச் சான்று, காத்திருப்பு. வந்த மறுநாளிலிருந்து அதுவும் பழசாகத் தொடங்கும். பழைய வண்டி சாலைக்கே ஆபத்து என்பது இன்னும் கனமான ஆட்சேபம். வயதை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது என்பதுதான் அதற்குப் பதில். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். வெல்டிங் விரிசல் அதுவரை காத்திருக்காது, ஐந்தாம் ஆண்டிலேயே வரலாம். ஆகவே பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்கள் இடைக்காலச் சோதனையைத்தான் கேட்க வேண்டும், அதாவது பராமரிப்பை. மின்சார ஸ்கூட்டர் வந்தால் எல்லாம் தீரும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். காலால் உந்திப் பின்னால் நகர முடியாதவருக்கு அதன் ரிவர்ஸ் வசதி பெரிய வரம். பெல்ட் தொல்லையும் பல மாடல்களில் இல்லை. ஆனால் கோன் செட்டும் ஸ்பிரிங்கும் வெல்டிங்கும் அதிலும் அதேதான்.

உதிரிபாகம் கிடைக்காமல் வண்டி சாவது நமக்குப் புதிதில்லை. 1984இல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரில் கியர் இல்லை, கிக்கரை உதைக்காமல் செல்ஃப் ஸ்டார்ட்டிலேயே கிளப்பலாம். கால் முடியாதவர்களுக்கு அந்த இரண்டுமே பெரிய விடுதலை. 1998இல் கைனடிக், ஹோண்டா நிறுவனங்களின் கூட்டு முறிந்தது. இன்று அந்த வண்டியை வைத்திருப்பவர் உதிரிபாகத்தைச் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் தேட வேண்டியிருக்கிறது. எஞ்சின் பாகத்துக்காவது அப்படி ஒரு சந்தை இருக்கிறது. பட்டறைக்குப் பட்டறை வேறு அளவில் செய்த சைடு வீல் சட்டத்தின் புஷ்ஷுக்கு எந்தக் கடைக்குப் போவது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 41ஆம் பிரிவு, வண்டிகளை மாற்றியமைத்துத் தருவதற்குத் திட்டம் வகுக்கச் சொல்கிறது. மாற்றியமைத்ததைக் காப்பதும் அதில் அடங்கும் என்றே நான் படிக்கிறேன். இதற்குப் பெரும்பணம் தேவையில்லை. மாவட்டத்துக்கு இரண்டு வெல்டர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஐ.டி.ஐ.யில் பயிற்சி கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை வண்டிகளை வரவழைத்து வெல்டிங், கேபிள், கோன் செட் மூன்றையும் பார்க்கலாம். பழுது நீங்கும்வரை மாற்று வண்டி ஒன்று கொடுக்கலாம். அரசு வாங்கும் சைடு வீல் சட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதலாம். பேரிங் எண்ணையும் புஷ் அளவையும் சட்டத்தின் மேலேயே பொறித்துக் கொடுத்தால், எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரும் எடுத்துத் தந்துவிடுவார்.