ஃபார்மட் பண்ணுவதற்கு முன்னால்...

கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது குருபரப்பள்ளி. அங்கே சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர், வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினார். ‘விண்டோஸ்தான் புது எஸ்.எஸ்.டி.யில் இருக்கிறதே, இது எதற்கு?’ என்ற நினைப்பு. பவர் பட்டனை அழுத்தினால், கறுப்புத் திரையில் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று ஒரே ஒரு வரி!

‘‘பாப்பாவோட காதுகுத்து போட்டோ எல்லாம் போச்சா?’’ என்று பதறினார் மனைவி. ‘‘ஃபார்மட்தான் பண்ணணும்ண்ணா’’ என்றான் பக்கத்து வீட்டுத் தம்பி.

நல்லவேளை, அவர் அவசரப்படவில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினார். கம்ப்யூட்டர் பழையபடி ஓடியது!

காரணம் இதுதான். இரண்டு டிஸ்க்குகள் இருக்கும்போது விண்டோஸ் போட்டால், கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் சின்னப் பகுதி சில நேரம் பழைய டிஸ்க்கிலேயே பதிந்துவிடும். குடிவந்தது புது வீட்டில். சாவி மட்டும் பழைய வீட்டில்!

முதல் வேலையாக போட்டோக்களை பென் டிரைவில் காப்பி எடுத்தார். பிறகு பழையதைக் கழற்றி, பயாஸில் எஸ்.எஸ்.டி.யை முதலிடத்தில் வைத்து, விண்டோஸ் பென் டிரைவிலிருந்து ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ கொடுத்தார். இரண்டாவது முயற்சியில் சரியானது. சில கம்ப்யூட்டர்களில் இது போதாது, எஸ்.எஸ்.டி.யில் தனியாகக் கொஞ்சம் இடம் ஒதுக்கி, ‘பிசிடிபூட்’ கட்டளை கொடுக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

அடுத்த முறை விண்டோஸ் போடும்போது, மற்ற டிஸ்க்கின் கேபிளை முதலிலேயே கழற்றி வையுங்கள். தொலைந்த சாவியைப் புதிதாகச் செய்துகொள்ளலாம். ஃபார்மட்டில் அழிந்த காதுகுத்துப் படங்களை யார் எடுத்துத் தருவார்?